அறிந்த சொல்லின் வஞ்சம்

ஆங்கிலத்திலே வழக்கொழிந்த சொற்களைப் பற்றித் தமிழ்ப் பண்டிதனொருவன் எழுதப் புகுவதைக் கண்டு அன்பர் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். அயலான் வளவு மாமரத்துக்குக் கல்லெறிவது போல அஃது அவர்களுக்குத் தோன்றலாம். ஆயினும் அந்த வளவுக்குள்ளே முன்னொரு முறை புகுந்து பிழை செய்தவன் யான். அப்பிழையை முதலிற் சொல்லிவிட்டு மேலே செல்லுதலே முறையாகும்.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சி சென்றமை யாவரும் அறிந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே அங்கே கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் எங்கள் பாடசாலை நடைபெற்றது. யான் அப்பொழுது புதிதாக நியமனம் பெற்ற தமிழாசிரியன். ஆங்கில ஆசிரியர் எவரும் வந்து சேராமையால், சிறிது ஆங்கிலம் படித்தவன் என்னும் ஒரே தகுதி பற்றி அவ்வகுப்பும் என் பொறுப்பாயிற்று. மாணவனொருவனுடைய பைக்குள்ளே தப்பி வந்த நூல்களுள் அட்டை கழன்ற 'ஹம்லெற்' நாடகமும் ஒன்று. அதிலே இறந்த மன்னனுடைய ஆவி தோன்றும் காட்சியைத் தமிழிலே நடிக்க வேண்டுமென்று பிள்ளைகள் விரும்பினர். மொழிபெயர்க்கும் வேலையை யான் மேற்கொண்டேன். அகராதி கைவசம் இல்லை. இளமைக்குரிய துணிவு மாத்திரம் நிரம்ப இருந்தது.

அக்காட்சியில் ஆவியானது இளவரசனைத் தனியே வருமாறு சைகை செய்கின்றது. தோழர் இருவரும் அவனைப் போகவிடாமற் பற்றிக்கொள்கின்றனர். அப்பொழுது அவன் சினந்து, தன்னை 'லெற்' செய்பவன் எவனோ அவனையும் ஆவியாக்கிவிடுவதாகச் சூளுரைக்கின்றான். 'லெற்' என்றால் விடுதல் என்பது கீழ்வகுப்புப் பிள்ளையும் அறிந்தது. ஆகவே தன்னைப் போகவிடுபவனைக் கொல்லப்போவதாக இளவரசன் சொல்லுகின்றான் என்று யான் எழுதிவைத்தேன். புத்தகத்துக்கு உரியவனான மாணவன் எழுந்து நின்றான். "சேர், எங்கட அப்பு சொல்லுறார், இந்த இடத்தில 'லெற்' எண்டால் மறிக்கிறது எண்டு" என்றான். அவனுடைய பாட்டனார் பிறக்கிராசியார் ஒருவரிடம் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவர். யான் அதனை ஆராயவில்லை. "மூன்றாம் வகுப்புச் சொல்லும் உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது. பையன் அமர்ந்துவிட்டான். நாடகமும் யான் எழுதியபடியே அரங்கேறியது.

சில ஆண்டுகளின் பின்னர் நூலகமொன்றிலே ஒக்ஸ்போர்ட் அகராதியின் சுருக்கப் பதிப்பை வேறொரு காரணம் பற்றிப் புரட்டியபோது 'லெற்' என்னும் சொல் கண்ணிற்பட்டது. அங்கே சொல் ஒன்றன்று, இரண்டு. விடுதல் என்னும் பொருளுடைய 'லெற்' ஒன்று. தடுத்தல் என்னும் பொருளுடைய 'லெற்' மற்றொன்று. பழைய ஆங்கிலத்திலே இவ்விரண்டும் வெவ்வேறு ஒலியும் வெவ்வேறு எழுத்தும் உடையனவாய் இருந்தன. பின்னையது, தாமதம் என்று பொருள்படும் 'லேற்' என்னும் சொல்லின் உறவு. ஒருவனைத் தாமதிக்கச் செய்தல் தடுத்தலாயிற்று. காலப்போக்கிலே ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றுபோலாயின. ஒரே சொல் விடுதலையும் தடுத்தலையும் உணர்த்தினால் மொழி எங்ஙனம் பிழைக்கும்? தடுத்தற் சொல் மெல்ல மெல்ல வழக்கிழந்தது. ஆயினும் முற்றாக இறந்துவிடவில்லை. சட்டப் பத்திரங்களில் 'லெற்' உம் இடையூறும் இன்றி என்னும் தொடராக அது நிலைத்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் அத்தொடர் உண்டு. ரெனிஸ் ஆட்டத்திலே, பரிமாறிய பந்து வலையிலே பட்டு அப்பால் விழுந்தால் 'லெற்' என்று கூவுவதும் இச்சொல்லே என்பர். காணி உறுதிகளைப் படியெடுத்தே வாழ்நாளைக் கழித்த முதியவர் அப்பொருளை அறிந்திருந்ததில் வியப்பென்ன? வியப்பு, பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த யான், இடத்தை நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும் என்னும் முதற் பாடத்தையே மறந்தமை. தன்னைப் பிடித்து நிற்பவரை நோக்கி, விடுபவனைக் கொல்வேன் என்று எவன் சொல்வான்?

அன்று தொட்டு யான் ஒன்றை விடாது கவனித்து வருகின்றேன். பழைய ஆங்கில நூல்களைக் கற்கும் மாணவரை இடறச் செய்பவை அரிய சொற்கள் அல்ல. அரிய சொல் நேர்மையுடையது. தன்னை அறியாய் என்று அது முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றது. மாணவன் அகராதியை எடுக்கின்றான். 1535ஆம் ஆண்டிலே கவர்டேல் என்பார் வெளியிட்ட ஆங்கில விவிலியத்தில் 'ஓவர்மொறோ' என்று ஒரு சொல் வருகின்றது. நாளைக்கு அடுத்த நாள் என்பது பொருள். யாழ்ப்பாணத்தவர் 'நாளையிண்டைக்கு' என்று ஒரே சொல்லாற் சொல்வதை இன்றைய ஆங்கிலேயர் நான்கு சொற்கள் கோத்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. வைத்திருந்த சொல்லைத் தொலைத்துவிட்டனர். ஏழு இரவுகள் என்னும் பொருளில் வாரத்தைக் குறித்த 'செனைற்' என்னும் சொல்லும் அவ்வாறே மறைந்தது. பதினான்கு இரவுகளாகிய 'போர்ட்னைற்' மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. பழைய செருமானியக் குடிகள் நாளைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணினர் என்று உரோம வரலாற்றாசிரியர் தசித்தசு ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாக எழுதிவைத்தமைக்கு இச்சொற்களே சான்று. இத்தகையவற்றால் எவரும் ஏமாறுவதில்லை.

ஏமாற்றுவது அறிந்த முகத்தோடு வரும் சொல். 1611ஆம் ஆண்டு வெளிவந்த யேம்சு மன்னன் காலத்து விவிலியத்தின் முதல் அதிகாரத்திலே, விதை தரும் பூண்டுகளெல்லாம் மனிதருக்கு 'மீற்' ஆகக் கொடுக்கப்பட்டன என்று வருகின்றது. 'மீற்' இறைச்சியாயின் பூண்டு எங்ஙனம் இறைச்சியாகும்? அந்நாளிலே 'மீற்' என்பது உணவுப் பொதுப்பெயர். அதே நூலில் 'மீற்' படையல் என்று விதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் மாவும் எண்ணெயும் சாம்பிராணியுமே கூறப்படுகின்றன. புலால் ஒரு துணுக்கும் அதில் இல்லை. தமிழ் விவிலியத்தார் அதனைப் போசனபலி என்று சரியாகவே பெயர்த்தனர். இன்று இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் 'சுவீற்மீற்' என்னும் தொகைச்சொல்லில் மாத்திரம் அந்தப் பழம்பொருள் ஒளிந்திருக்கின்றது.

அவ்விவிலியத்திலேயே 'பிறிவென்ற்' என்னும் சொல் முந்திச் செல்லுதல் என்னும் பொருளில் வருகின்றது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், உயிரோடிருப்பவர் இறந்தவரை முந்திக்கொள்வதில்லை என்று சொல்லும் இடத்திலே, இக்காலப் பொருள் கொண்டால் உயிரோடிருப்பவர் இறந்தவரைத் தடுப்பதில்லை என்று முடியும். இலத்தீனிலே முன்வருதலே அச்சொல்லின் பொருள். முன்வந்து நிற்பவன் வழியை அடைப்பவனும் ஆகின்றான் அல்லவோ? அப்படித் திரிந்தது பொருள்.

'டீர்' என்னும் சொல்லை நோக்குக. இன்று மான். ஆயிரம் ஆண்டுக்கு முன் அஃது எந்த விலங்கையும் குறித்தது. செருமன் மொழியில் அதன் உடன்பிறப்பாகிய சொல் இன்றும் விலங்குப் பொதுப்பெயராகவே வழங்குகின்றது. சேக்ஸ்பியருடைய 'கிங் லியர்' நாடகத்திலே பித்தன் வேடம் பூண்ட எட்கார், எலிகளையும் சுண்டெலிகளையும் சிறிய 'டீர்' கணத்திலே சேர்த்துப் பேசுகின்றான். எலியை மான் என்றது பித்தன் பேச்சு என்று நினைத்துக் கடந்து செல்லும் மாணவர் உளர். பித்து அவனிடத்தில் இல்லை. வடமொழி வல்லார்க்கு இதில் ஒரு சுவை உண்டு. 'மிருகம்' என்னும் சொல்லும் அம்மொழியில் விலங்கையும் மானையும் ஒருங்கே குறிப்பது. சிங்கத்தை மிருகேந்திரன் என்னும்போது அது விலங்கு. மிருகசீரிடம் என்னும் நாண்மீனைத் தமிழ் நிகண்டுகள் மான்றலை என்னும்போது அது மான். வேட்டையாடும் மக்களுக்கு விலங்குகளுட் சிறந்த விலங்கு மான்போலும். தமிழிலே நெய் என்னும் சொல்லுக்கும் இது நேர்ந்தது. எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் எள்ளை மறந்து தேங்காயெண்ணெய் என்றோம். மண்ணெண்ணெய் என்றும் சொல்லலாயினோம்.

இவ்வண்ணமே 'ஸ்ராவ்' என்றால் முன்னர் எவ்விதமாயினும் இறத்தல். பின்னர் பட்டினியால் வாடுதல். 'கேர்ள்' என்றால் 14ஆம் நூற்றாண்டிலே ஆணோ பெண்ணோ இளம்பிள்ளை. 'வைவ்' என்றால் மனைவி மாத்திரமன்று, பெண். ஆகவேதான் பேறு பார்ப்பவள் 'மிட்வைவ்', அதாவது உடனிருக்கும் பெண். 'நைஸ்' என்னும் சொல்லைக் கேட்டால் நகைப்பு வரும். இலத்தீனில் அறிவிலி என்பதிலிருந்து பிறந்து, மூடனைக் குறித்து, பின்னர் நுட்பம் பார்ப்பவனைக் குறித்து, இறுதியில் இனியது என்னும் இன்றைய நிலைக்கு ஏறி வந்திருக்கின்றது. 'சில்லி' அதற்கு எதிர்த்திசையில் இறங்கியது. அருள்பெற்றவன் என்பதே அதன் முதற்பொருள். அருள்பெற்றவன் கள்ளமறியாதவன், கள்ளமறியாதவன் இரங்கத்தக்கவன், இரங்கத்தக்கவன் ஈற்றிலே மடையனானான். மனிதர் ஒருவரையொருவர் எங்ஙனம் மதித்தனர் என்பது இச்சொல்லின் வரலாற்றிலே தெரிகின்றது. பேதை என்று தமிழிலே அறிவிலாரையும் சொல்லுகின்றோம். ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியையும் சொல்லுகின்றோம். நம்மவர் இரண்டையும் ஒரே காலத்தில் வைத்துக்கொண்டனர்.

எனக்கு இவற்றுள் மிகவும் விருப்பமான சொற்கள் 'லோர்ட்' என்பதும் 'லேடி' என்பதும். பிரபு, சீமாட்டி என்று யாம் பெயர்க்கும்போது மாளிகையும் குதிரை வண்டியும் மனத்தில் எழுகின்றன. சொற்களின் பழைய வடிவத்தைப் பிரித்தால் அங்கே அடுக்களை இருக்கின்றது. 'லோர்ட்' என்பது ஒருகாலத்தில் ஈருறுப்புச் சொல். முதலுறுப்பு இன்று அப்பத்தைக் குறிக்கும் 'லோவ்'. இரண்டாம் உறுப்புக் காவலன். அப்பக் காவலன் தேய்ந்து 'லோர்ட்' ஆனான். 'லேடி' அப்பத்துக்கு மாப் பிசைபவள். அவ்வீட்டுப் பணியாளனுக்கு அப்பம் உண்பவன் என்றே பெயர். காப்பவன், பிசைபவள், உண்பவன் என்று ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அப்பத்தைச் சுற்றி நிற்கின்றது. செஞ்சோற்றுக்கடன் என்னும் தொடரைப் பிறந்தது முதல் கேட்டுவரும் நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. சோறிட்டவன் தலைவன்; உண்டவன் கடன்பட்டவன். பாராளுமன்றத்துப் பிரபுக்கள் சபையில் இருப்போர், தம் பெயருக்குள்ளே ஒரு துண்டு அப்பம் இருப்பதை எண்ணிப் பார்ப்பதுண்டோ என்பது ஐயமே.

இலக்கணம் கற்பவர்க்கு உவப்பான வேறொரு கூட்டமும் உண்டு. ஆங்கிலத்திலே ஒன்று என்பதைக் குறிக்கும் 'ஏ', 'அன்' என்னும் முன்னடைகளுள் இரண்டாவது உயிரெழுத்தின் முன் வருவது. பேசும்போது 'அன்' இன் மெய் அடுத்த சொல்லோடு ஒட்டுகின்றது. கேட்பவன் பிரித்தறியாது மயங்குகின்றான். மேலதிகப் பெயர் என்னும் பொருளில் இருந்த 'ஈக்நேம்' இங்ஙனம் நகரத்தைப் பெற்று 'நிக்நேம்' ஆயிற்று. இதற்கு மறுதலையாக, மேலாடை அழுக்காகாமல் முன்னே கட்டும் துணியாகிய 'நேப்ரன்' தன் நகரத்தை இழந்து 'ஏப்ரன்' ஆனது. கைதுடைக்கும் 'நப்கின்' அதன் இனம். விரியன் பாம்பைக் குறிக்கும் 'அடர்' உம் முன்னர் நகரத்தோடு தொடங்கியதே. புணர்ச்சி விதியைப் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு யான் இவ்வுதாரணங்களைக் கூறுவதுண்டு. பிரிக்கத் தெரியாதவர் கையிற் பட்ட சொற்கள் இவை. தோடம்பழத்தின் ஆங்கிலப் பெயரும் இத்தகைய நகரத்தை இழந்ததே; ஆயின் அவ்விழப்பு ஆங்கிலத்துக்கு வருமுன்பே ஐரோப்பாவின் தென்பகுதியில் நிகழ்ந்தது. வடமொழி நாரங்கம், பாரசீகத்துக்கும் அரபுக்கும் சென்று மேற்கே போய்த் தலையெழுத்தைப் பறிகொடுத்தது. நம்மூர் நாரத்தை நகரத்தோடு நலமாயிருக்கின்றது.

சொற்களை மாத்திரமன்றி ஒரு முன்னிலையையே ஆங்கிலம் இழந்துவிட்டது. ஒருவனை நோக்கி 'தௌ', பலரை நோக்கி 'யூ' என்பது பழைய வழக்கு. பின்னர்ப் பெரியோரைப் பன்மையால் அழைக்கும் மரபு புகுந்தது. 'யூ' மரியாதைச் சொல்லாகி, எல்லோரும் எல்லோரையும் மதிக்க முற்பட்டமையாலோ, அவமதிக்க அஞ்சியமையாலோ, 'தௌ' ஒதுங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டிலே குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், கடவுள் முன் யாவரும் ஒப்பர் என்று கருதி நீதவானையும் 'தௌ' என்றே விளித்துத் துன்புற்றனர். யாழ்ப்பாணத்திலே நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். ஓரிடத்தைக் காட்டுகின்றேன். லூக்கா சுவிசேடத்தின் 22ஆம் அதிகாரத்திலே இயேசு சீமோனை விளித்துப் பேசுகின்றார். சாத்தான் புடைக்க விரும்புவது பலரை. அவர் வேண்டிக்கொண்டது சீமோன் ஒருவனுக்காக. 1611ஆம் ஆண்டு நூலில் முன்னது பன்மை, பின்னது ஒருமை. இக்காலத்து ஆங்கிலப் பெயர்ப்புகளிலே இரண்டும் 'யூ' ஆனால், அடிக்குறிப்பின்றி அவ்வேறுபாடு தெரியாது. தமிழ் விவிலியத்திலே உங்களை என்றும் உனக்காக என்றும் பிரிந்து நின்று, பொருள் பளிச்சென்று தெரிகின்றது. ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரும் யாழ்ப்பாணத்திலிருந்து விவிலியத்தைத் தமிழாக்குவதில் ஈடுபட்ட காலத்திலே இத்தகைய இடங்களில் நாவலருக்குத் தடுமாற்றம் இருந்திராது. அவர் மொழி அதற்கு இடங்கொடுத்தது.

இறந்த சொற்களை எழுப்ப முயன்றவர்களும் உளர். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன் கிரேக்கச் சொற்கள் ஆங்கிலத்திலே வெள்ளம்போற் புகுந்தன. அவற்றை மைக்கூட்டுச் சொற்கள் என்று எள்ளினர் சிலர். கேம்பிரிட்ச்சிலே கிரேக்கப் பேராசிரியராயிருந்த சேர் யோன் சீக் அவர்களுள் ஒருவர். பிறமொழிக்கே பேராசிரியர் தாய்மொழித் தூய்மைக்குப் போராடியது கவனிக்கத்தக்கது. மத்தேயு சுவிசேடத்தை அவர் மொழிபெயர்த்தபோது, திங்களால் மதிமயங்கினவனைக் குறிக்கும் 'லூனற்றிக்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லை விலக்கி 'மூன்ட்' என்றார். நூற்றுவர் தலைவனை 'ஹண்ட்ரடர்' என்றார். 1557இல் அவர் இறந்தார். அந்நூல் அச்சேறியதோ 1843இல். அதற்குள் மொழி வேறு வழியே போய்விட்டது. அவருக்குச் சிறிது பின்னர், 1573இல், ரால்வ் லீவர் என்பார் தருக்க நூலொன்றை எழுதி, தருக்கத்தை 'விற்கிராவ்ற்' என்று பெயரிட்டார். அதுவும் நிலைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டிலே டோர்செற் நாட்டுப்புறத்திலே வில்லியம் பார்ன்ஸ் என்று ஒருவர் இருந்தார். பள்ளியாசிரியர், பின்னர்க் குருவானவர், நாட்டு வழக்கிலே பாப் புனைந்தவர். 1878இல் அவர் வெளியிட்ட இலக்கண நூலுக்கு இட்ட பெயரிலே இலக்கணம் என்னும் கிரேக்கவழிச் சொல்லுக்கு இடமில்லை. 'ஸ்பீச்கிராவ்ற்' என்றே எழுதினார். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டிக்கு 'புஷ்வெயின்லிங்' என்று அவர் சொன்ன பெயர் இன்றும் நகைச்சுவைக்காக எடுத்துக் காட்டப்படுகின்றது. சிரிப்பவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1846ஆம் ஆண்டிலே வில்லியம் தோம்ஸ் என்பவர், நாட்டார் வழக்காறுகளுக்கு அதுவரை இருந்த இலத்தீன் தொடரை நீக்கி, 'போக்லோர்' என்று இரு பழஞ்சொற்களை இணைத்துச் சொன்னார். அஃது உலக மொழிகள் பலவற்றிற் புகுந்துவிட்டது. ஒருவர் ஆக்கம் நிலைக்கிறது, மற்றொருவர் ஆக்கம் நகைப்புக்கிடமாகின்றது. ஏன் என்பதற்கு விதி எழுதியவர் இல்லை. மறைமலையடிகள் 1916இலே தொடக்கிய தனித்தமிழ் முயற்சியை எண்ணும்போதும் எனக்கு இதே எண்ணம் வருவதுண்டு. அவற்றுள்ளும் சில இன்று நம் வாயிலே இயல்பாக வருகின்றன. சில ஏட்டோடு நின்றன.

இனி அகராதிக்காரரைப் பற்றி ஒரு சொல். விளங்கக் கிடந்த சொல்லுக்குப் பொருள் கூறவேண்டா, விளங்காத சொல்லுக்கே கூறுக என்பது தொல்காப்பியர் உரியியலிலே வகுத்த முறை. 1604ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ரொபேர்ட் கோட்றி என்பார் முதன்முதல் வெளியிட்ட ஆங்கிலத்துக்கான ஆங்கில அகராதியும் அந்நெறியே சென்றது. அவரும் ஆசிரியத் தொழில் செய்தவர். ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்கள் மாத்திரம் அதில் உண்டு. எல்லோரும் அறிந்த சொற்களை அகராதியிற் சேர்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அங்கே வந்தது. தொல்காப்பியர் வாழ்ந்த காலத்துக்கு அந்த விதி பொருந்தும். நானூறு ஆண்டுக்கு முந்திய நூலை இன்று படிப்பவனுக்கு விளங்கிய சொல்லே முதற்பகை என்பதை யான் என் செலவிலே கற்றேன். என் செலவில் என்பதும் பிழை. அந்த மாணவன் செலவில்.

விளங்கிய சொல்லுக்கும் பிறப்பும் வளர்ப்பும் எழுதவேண்டும் என்று எழுந்ததே பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதி. 1857இல் எண்ணம் பிறந்தது. 1879இல் யேம்ஸ் மரே என்னும் பள்ளியாசிரியர் பதிப்பாசிரியரானார். பதினான்கு வயதிலே பாடசாலையை விட்டு விலகித் தானே கற்று உயர்ந்தவர் அவர். பத்தாண்டில் முடியும் என்று கணித்தனர். ஐந்து ஆண்டு கழிந்து 1884இல் முதற் பகுதி வெளிவந்தபோது, எறும்பைக் குறிக்கும் 'அன்ற்' என்னும் சொல் வரைதான் வந்திருந்தனர்! வீட்டுத் தோட்டத்திலே இரும்புத் தகட்டுக் கொட்டிலொன்றை அமைத்து, பல ஊர்களிலிருந்தும் தன்னார்வலர் எழுதி அனுப்பிய மேற்கோள் துண்டுகளை அதற்குள்ளே அடுக்கி வைத்து வேலை செய்தார். 1915இல் அவர் இறந்தார். அகராதி 1928இல் முடிவுற்றது. கொட்டிலிலே இருந்து எழுந்த கலாசாலை அது என்று சொன்னால் தென்மராட்சியில் எங்களோடு இருந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

அத்துணைக் கவனத்துக்கும் ஒரு சொல் தப்பியது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பொண்ட்மெயிட்' என்னும் சொல்லுக்கான துண்டு எங்கோ தவறிவிட்டது. 1933ஆம் ஆண்டின் அநுபந்தத்திலேதான் அவளுக்கு இடம் கிடைத்தது. இதற்கு மறுதலையாக, இல்லாத சொல்லொன்று அகராதியிற் புகுந்த கதையும் உண்டு. அமெரிக்காவிலே வெப்ஸ்ரர் பேரகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டோர்ட்' என்று ஒரு சொல், அடர்த்தி என்னும் பொருளோடு அச்சாயிற்று. அடர்த்திக்குப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' என்னும் எழுத்தைக் குறியீடாகக் கொள்ளலாம் என்று ஒருவர் எழுதிய துண்டை, அல்லது என்பதன் ஆங்கிலத்தோடு சேர்த்து ஒரே சொல்லாக வாசித்துவிட்டார் மற்றொருவர். பிறப்பில்லாத அச்சொல்லை 1939இலேதான் கண்டுபிடித்தனர். இத்தகையவற்றுக்கு ஸ்கீற் என்னும் அறிஞர் 1886இலேயே பேய்ச்சொற்கள் என்று பெயரிட்டிருந்தார். ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்க்குப் பேய்ச்சொல் புதிதன்று. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி நம்மிடம் இருக்கின்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது எத்தனை பேய்களை ஓட்டியிருப்பார்!

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்திலே அந்த மாணவன் வந்தான். இப்பொழுது நரை தோன்றிய குடும்பத்தன். கனடாவிலே தொழில் செய்கின்றான். யான் திண்ணையில் இருத்தி, 'லெற்' பற்றிய என் பிழையைச் சொன்னேன். அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

"அண்டைக்குப் பின்னேரம் நான் போய் அப்புவோட சண்டை பிடிச்சனான், சேர். நீங்கள் சொன்னது பிழை, சேர் சொன்னதுதான் சரி எண்டு."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"சேர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் எண்டவர்" என்றான். "அந்த வருசமே அவர் போட்டார்."